உஸ்பெக் பஞ்சுக்குத் திறந்த ஐரோப்பியக் கதவு

திருப்பூர் பக்கம் பனியன் ஏற்றுமதி பற்றிப் பேச்சு எடுத்தால் ஒரு பட்டியல் தானாக வந்து விழும். "பங்களாதேஷுக்கு ஜீரோ டூட்டி, பாகிஸ்தானுக்கு ஜீரோ டூட்டி, சிலோன்காரனுக்கு ஜீரோ டூட்டி, இப்ப உஸ்பெக்கிஸ்தானுக்கும் ஜீரோ டூட்டியாமா. நமக்கு மட்டும்தானுங்க டூட்டி."

முதல் மூன்று பெயர்களும் எல்லோருக்கும் பழகியவை. நான்காவது பெயர் ஏன் அந்தப் பட்டியலில் வந்தது என்று கேட்டால் பதில் வராது. "அவங்க ஏதோ கையெழுத்துப் போட்டாங்க" என்பதோடு சரி. பிரஸ்ஸல்ஸ் பக்கம் போனால் வேறு கதை சொல்வார்கள். உஸ்பெக்கிஸ்தான் சீர்திருந்தியது, பருத்திக் காட்டில் கட்டாய உழைப்பை ஒழித்தது, அதற்கு ஐரோப்பிய ஒன்றியம் பரிசு கொடுத்தது என்பது அவர்கள் கதை. நம் ஊர்க் கதை புலம்பல், அவர்களுடையது பாராட்டுப் பத்திரம். இரண்டையும் தேதிகளோடு வைத்துப் பார்த்தேன். இரண்டுமே நிற்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் வரிக் கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகும் ஆயத்த ஆடைக்கு முழு வரி 12 சதவீதம். ஜி.எஸ்.பி. என்ற பொதுச் சலுகையில் வருகிற நாடு 9.6 கட்டினால் போதும். திருப்பூர் பல வருஷம் கட்டி வந்தது இந்த 9.6-தான். ஜி.எஸ்.பி. பிளஸ் கிடைத்த நாட்டுக்குப் பூஜ்யம். மூன்று யூரோ விலையுள்ள ஒரு டி-ஷர்ட்டுக்கு 9.6 சதவீதம் என்றால் ஏறக்குறைய 29 சென்ட். ஒரு பீஸுக்கு ரெண்டு ரூபாய், மூணு ரூபாய்க்குப் பையரோடு மல்லுக்கட்டுகிற தொழிலில் அது சின்னக் காசு இல்லை. ஆகவே புலம்பலில் நியாயம் உண்டு. அந்தப் பூஜ்யம் எப்படிக் கிடைக்கிறது என்பதில்தான் சிக்கல்.

ஜி.எஸ்.பி. பிளஸ் வேண்டுமென்றால் 27 சர்வதேச உடன்படிக்கைகளை ஏற்று உறுதி செய்திருக்க வேண்டும். மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல், நிர்வாகம் என நான்கு வகை. அவற்றில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87, 98 எண் உடன்படிக்கைகளும் வரும். சங்கம் அமைக்கும் உரிமை, கூட்டுப் பேரம் பேசும் உரிமை பற்றியவை. இந்தியா இவை இரண்டையும் இன்றுவரை ஏற்கவில்லை. குழந்தைத் தொழிலாளர் பற்றிய 138, 182 எண் உடன்படிக்கைகளையே 2017-ல்தான் ஏற்றோம். அதோடு, ஐரோப்பாவுக்கு இவ்வளவு பெரிய அளவில் ஏற்றுமதி செய்கிற நாட்டுக்கு அந்தச் சலுகையின் அளவுகோலிலேயே இடமில்லை. "நமக்கு மட்டும் தரமாட்டேங்கறான்" என்பதில் பாதி, நாம் விண்ணப்பமே போட முடியாத நிலையில் இருந்தோம் என்பது. உஸ்பெக்கிஸ்தான் 87-ஐ 2016-லேயே ஏற்றுவிட்டது. ஏற்ற பிறகு அங்கே என்ன நடந்தது என்பது வேறு விஷயம், பின்னால் வருகிறேன்.

இனி அந்த ஊர்ப் பருத்தி. சோவியத் காலத்தில் மாஸ்கோ மத்திய ஆசியாவுக்கு ஒதுக்கிய வேலை பருத்தி. அமு தர்யா, சிர் தர்யா ஆறுகளைக் கால்வாய்களில் திருப்பிப் பாலைவனத்தில் பருத்தி விதைத்தார்கள். ஆரல் கடல் வற்றியது. 1991-ல் நாடு தனியானது, ஆனால் முறை மாறவில்லை. நிலம் அரசுடையது, விவசாயி குத்தகைக்காரர். எத்தனை ஏக்கரில் பருத்தி போட வேண்டும், எத்தனை டன் தர வேண்டும், என்ன விலை என்பதையெல்லாம் தாஷ்கண்ட் முடிவு செய்தது. அளவு குறைந்தால் குத்தகை போய்விடும். அறுவடைக்குக் கூலி ஆள் தேவையில்லை, செப்டம்பர் வந்தால் பள்ளிக்கூடத்தைப் பூட்டிப் பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்பினார்கள். 2012 வாக்கில் வெளி நெருக்கடி கூடியதும் சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு ஆசிரியர், நர்ஸ், டாக்டர், அரசு ஊழியர்களைக் கூடுதலாக இழுத்தார்கள். பஞ்சு எடுக்க நர்ஸ் போனால் ஆஸ்பத்திரியில் யார் இருப்பது என்ற கேள்வியெல்லாம் கிடையாது. இதில் கவனிக்க வேண்டியது, இதைச் செய்தது ஏதோ ஒரு பேராசைக்கார முதலாளி இல்லை. மாவட்ட ஆளுநர் முதல் பள்ளித் தலைமையாசிரியர் வரை அரசே செய்தது.

இந்த அரசோடு ஐரோப்பிய ஒன்றியம் எப்படிப் பழகியது? 1996-ல் கூட்டுறவு ஒப்பந்தம் கையெழுத்து, 1999 ஜூலையிலிருந்து நடைமுறை. மனித உரிமையை மதிப்பது இந்த உறவின் அடிப்படை என்று ஒப்பந்தத்திலேயே உண்டு. 2005 மே 13 அன்று ஆந்திஜான் நகரில் கூடியிருந்த மக்கள் மீது ராணுவம் சுட்டது. அரசின் கணக்கு 187 பேர், மனித உரிமை அமைப்புகள் பல நூறு என்கின்றன. சர்வதேச விசாரணைக்கு அதிபர் கரிமோவ் மறுத்ததும் ஒன்றியம் ஆயுதத் தடை விதித்தது, 12 அதிகாரிகளுக்கு விசா மறுத்தது. அந்தப் பட்டியலில் இருந்த உள்துறை அமைச்சர் அல்மாதோவ் அதே நேரத்தில் ஜெர்மனியில் ஹனோவரில் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார். மனிதாபிமான விசாவாம். 2008-ல் விசா தடை போனது, 2009 அக்டோபரில் ஆயுதத் தடையும் போனது. சுயேச்சையான விசாரணை கடைசிவரை நடக்கவில்லை.

ஏன் என்று தேட வெகுதூரம் போக வேண்டாம். ஆப்கன் எல்லையில் தெர்மெஸ் என்ற ஊரில் ஜெர்மன் ராணுவத்துக்கு விமானத் தளம் இருந்தது, 2002 முதல் 2015 வரை. ஆப்கானிஸ்தானில் சண்டை நடக்கும்போது தளம் கொடுத்திருப்பவரிடம் பஞ்சு பொறுக்கும் பிள்ளைகளைப் பற்றி எவ்வளவு அழுத்திப் பேசுவீர்கள்?

இங்கேதான் பெலாரஸை நினைக்க வேண்டும். அதுவும் சோவியத்திலிருந்து பிரிந்த நாடுதான். தொழிற்சங்கங்களை நசுக்கியதற்காக 2007 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் பெலாரஸின் ஜி.எஸ்.பி. சலுகையைப் பறித்தது. கட்டாய உழைப்புக்காக மியான்மரின் சலுகையை அதற்கு முன்பே, 1997-ல் பறித்திருந்தது. அதே சட்டம், அதே காலம், ஆனால் பள்ளிக்கூடத்தையே பூட்டிப் பருத்தி எடுத்த உஸ்பெக்கிஸ்தானின் ஜி.எஸ்.பி. அப்படியே இருந்தது. மென்பொருள் எழுதுகிற எனக்கு இது பழகிய பிழை மாதிரித் தெரிகிறது: விதி ஒன்றுதான், ஆனால் உள்ளே எங்கேயோ யாரோ ஒரு விதிவிலக்கை எழுதி வைத்திருக்கிறார்கள், ஆவணத்தில் அது இருக்காது.

இலங்கையை நாம் மறக்க முடியாது. போர் முடிந்தபின் 2010 ஆகஸ்டில் இலங்கையின் ஜி.எஸ்.பி. பிளஸ் நிறுத்தப்பட்டது. சித்திரவதை, குடிசார்–அரசியல் உரிமை, குழந்தை உரிமை பற்றிய மூன்று உடன்படிக்கைகளைக் காப்பாற்றவில்லை என்று காரணம் சொன்னார்கள். நம்மில் பலருக்கு அது நியாயம் கிடைத்த மாதிரி இருந்தது. ராஜபக்சே அரசு அசையவில்லை. 2015 ஜனவரித் தேர்தலில் ஆட்சி மாறியது, 2017 மேயில் சலுகை திரும்பியது. பறித்ததால் ஆட்சி மாறியது என்று யாரும் சொல்ல முடியாது.

சரி, உஸ்பெக்கிஸ்தானில் எது மாற்றியது? ஒன்றியத்துக்குள்ளேயே இரண்டு கை இருந்தது. ஆணையமும் உறுப்பு நாடுகளும் 2011-ல் ஜவுளி வர்த்தகத்துக்கான ஒரு நெறிமுறையைத் தயார் செய்தன. சாதாரணக் காகித வேலை என்று நினைத்திருப்பார்கள். அந்த டிசம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒப்புதலை நிறுத்தி வைத்தது: முதலில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பை வயலுக்குள் விடுங்கள், பிறகு பார்க்கலாம் என்றது. ஐந்து வருஷம் அந்தக் காகிதம் கிடந்தது, 2016 டிசம்பரில்தான் ஒப்புதல் கிடைத்தது. இந்தக் கதையில் ஐரோப்பாவைப் பற்றி நான் மரியாதையோடு எழுதக்கூடிய இடம் இது ஒன்றுதான்.

அதைவிடப் பெரியது புறக்கணிப்பு. 'காட்டன் கேம்பெய்ன்' என்ற கூட்டமைப்பு உஸ்பெக் பருத்தியைத் தொடமாட்டோம் என்று 300-க்கும் மேற்பட்ட பிராண்டுகளிடம் கையெழுத்து வாங்கியது. உள்ளூரில் சிலர் உயிரைப் பணயம் வைத்து வயல்வயலாகப் போய்ப் படம் எடுத்தார்கள், பெயர்களைக் குறித்தார்கள். உமிதா நியாசோவா சிறைக்குப் போய் வந்து, பெர்லினில் இருந்து கொண்டு அந்த விவரங்களைத் தொகுத்து வெளியிட்டார். வருஷா வருஷம், அறுவடைக்கு அறுவடை. சலித்துப்போகாமல் ஒரே வேலையைப் பத்துப் பன்னிரண்டு வருஷம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்க.

புறக்கணிப்பில் ஓட்டை இல்லாமல் இல்லை. உஸ்பெக் பஞ்சை மூட்டை மூட்டையாக வாங்கியவர்களில் பங்களாதேஷும் சீனாவும் இருந்தன. கலந்து நூலான பிறகு பஞ்சுக்கு ஊர்ப்பெயர் கிடையாது என்பது நம் ஸ்பின்னிங் மில்காரர்களுக்குத் தெரியாததா? பிராண்டுகள் கையெழுத்துப் போட்ட அதே வருஷங்களில் அந்தப் பஞ்சு டாக்கா வழியாக டி-ஷர்ட்டாகி, ஒரு பைசா டூட்டி இல்லாமல் ஐரோப்பாவுக்குள் போயிருக்கக் கூடியதுதான். ஆனாலும் புறக்கணிப்பு ஒரு வேலையைச் செய்தது. நூலாகவும் துணியாகவும் மதிப்புக் கூட்டி நேரடியாக விற்க வேண்டும் என்று தாஷ்கண்ட் ஆசைப்பட்டபோது, பெரிய பையர் ஒருவரும் உள்ளே வரமாட்டார் என்ற சுவர் எதிரே நின்றது.

2016 செப்டம்பரில் கரிமோவ் இறந்தார். அடுத்து வந்த மிர்சியோயேவுக்கு அந்தச் சுவர் நன்றாகத் தெரிந்தது. 2020 மார்ச்சில் பருத்திக்கான அரசு ஒதுக்கீட்டு முறையை ரத்து செய்தார். பஞ்சாக ஏற்றுமதி செய்வதையும் நிறுத்தினார்கள், நூலாகவோ துணியாகவோதான் போக வேண்டும். பஞ்சு எடுப்பவருக்குக் கூலி ஏறியது. 2021 அறுவடையில் திட்டமிட்ட கட்டாய உழைப்பு இல்லை என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சொன்னது. 20 லட்சம் குழந்தைகளும் 5 லட்சம் பெரியவர்களும் விடுபட்டதாக அது சொல்கிறது. இதைக் குறைத்துப் பேச எனக்கு மனசில்லை. நம் காலத்தில் இந்த அளவில் நடந்த நல்ல விஷயங்கள் ரொம்பக் குறைவு.

ஆனால் தேதிகளைப் பாருங்கள். ஜி.எஸ்.பி. பிளஸ் கிடைத்தது 2021 ஏப்ரல் 10. புறக்கணிப்பை முடித்துக்கொள்வதாகக் காட்டன் கேம்பெய்ன் அறிவித்தது 2022 மார்ச் 10. வயலில் நின்று எண்ணியவர்கள் 'இப்போது சரி' என்று சொல்வதற்குப் பதினொரு மாதம் முன்பே ஐரோப்பா பரிசைக் கொடுத்துவிட்டது. அந்த 2021 அறுவடைக்குப் பஞ்சு வெடிக்கக்கூட இல்லை. 'சீர்திருத்தத்துக்குப் பரிசு' என்ற பாராட்டுப் பத்திரம் எனக்கு இந்த இடத்தில்தான் கிழிகிறது. பரிசு கொடுக்க வேறு அவசரம் இருந்திருக்கிறது. 2020 டிசம்பரில்தான் உஸ்பெக்கிஸ்தான் ரஷ்யா தலைமையிலான யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தில் பார்வையாளராகச் சேர்ந்திருந்தது. ஒரு கதவு ஒருக்களித்துத் திறந்ததும் மற்றவர் தன் கதவை அகலத் திறந்தார் என்றுதான் நான் வாசிக்கிறேன். ஆதாரம் கேட்டால், தேதிகளின் வரிசை தவிர என்னிடம் வேறு இல்லை.

அடுத்த வருஷம் இன்னும் மோசம். 2022 ஜூலை 1, 2 தேதிகளில், வற்றிப்போன ஆரல் கடல் இருக்கும் கரகல்பக்ஸ்தானில், தங்கள் சுயாட்சியைப் பறிக்கும் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு எதிராக மக்கள் தெருவில் இறங்கினார்கள். அரசு கணக்கிலேயே 21 பேர் இறந்தார்கள். ஜூலை 6 அன்று பிரஸ்ஸல்ஸில், புதிய விரிவான கூட்டுறவு ஒப்பந்தத்தின் பேச்சுவார்த்தை முடிந்தது என்று இரு தரப்பும் சுருக்கொப்பமிட்டன. நான்கே நாள். 2005-ல் குறைந்தபட்சம் ஒரு தடையாவது விதித்தார்கள். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கிவிட்டது, ரஷ்யாவைத் தொடாத சரக்குப் பாதை தேவை, கனிமங்கள் தேவை. 2024 ஏப்ரலில் அரிய கனிமங்களுக்கான புரிந்துணர்வு, 2025 ஏப்ரலில் சமர்கண்டில் ஐரோப்பா–மத்திய ஆசியா உச்சி மாநாடு, 1,200 கோடி யூரோ முதலீட்டு அறிவிப்பு, அந்த அக்டோபரில் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து. 2011-ல் ஒரு ஜவுளிக் காகிதத்தை ஐந்து வருஷம் நிறுத்தி வைக்க முடிந்த ஒன்றியம் இது.

தாஷ்கண்டைக் குறை சொல்லிப் பயனில்லை. கடலைத் தொட இரண்டு நாடுகளைத் தாண்ட வேண்டிய நாடு உலகத்தில் இரண்டுதான்: லிக்டன்ஸ்டைன், உஸ்பெக்கிஸ்தான். அந்த நிலையில் உள்ளவன் எல்லாக் கதவையும் தட்டத்தான் செய்வான். அவர்களுடைய துணிக்கு ரஷ்யா பெரிய சந்தை, வேலை தேடிப் போகும் இளைஞர்களுக்கும் ரஷ்யாதான் முதல் ஊர்.

இப்போது திருப்பூர்ப் பட்டியலுக்கு வருவோம். பூஜ்ய வரி கிடைத்தபின் உஸ்பெக்கிஸ்தான் ஐரோப்பிய ஆடைச் சந்தையை அள்ளிக்கொண்டதா? இல்லை. அவர்கள் ஜவுளி ஏற்றுமதியில் நூலுக்கு இன்னும் பெரிய பங்கு உண்டு. ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் துருக்கிக்கும்தான் அதிகம் போகிறது. ஐரோப்பாவின் பங்கு சிறியது. ஜி.எஸ்.பி. பிளஸில் துணி நெய்வதும் தைப்பதும் உள்நாட்டிலேயே நடக்க வேண்டும் என்ற விதி உண்டு. சொந்தப் பஞ்சு உள்ள அவர்களுக்கு அது பிரச்சினையே இல்லை. பிரச்சினை வேறு. டையிங், பினிஷிங், சாம்பிள் நாலு நாளில் கைக்கு வருவது, பட்டன்காரர் பக்கத்துத் தெருவில் இருப்பது, இதெல்லாம் வரிச் சலுகையோடு வருவதில்லை. திருப்பூர் இதை 1970களின் கடைசியில் இத்தாலிக்காரர்கள் வந்த காலத்திலிருந்து சேர்த்து வைத்திருக்கிறது. நம் உண்மையான போட்டியாளர் பங்களாதேஷ். அவர்களுக்குத் துணியை வெளியில் வாங்கித் தைத்தால்கூடப் பூஜ்ய வரி. பட்டியலில் நான்காவது பெயரைச் சேர்ப்பது புலம்பலுக்கு எடை கூட்டத்தான் உதவுகிறது.

பிராண்டுகளும் எதிர்பார்த்தபடி வரவில்லை. காரணம் அந்த 87-வது உடன்படிக்கை. காகிதத்தில் சங்கம் வைக்கலாம். ஆனால் 2021-ல் சிர்தர்யா பகுதியில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் பருத்திப் பண்ணையில் முதல் சுதந்திரத் தொழிற்சங்கம் பிறந்ததும், அதை நடத்தியவர்கள் நெருக்குதலுக்கு ஆளானதாக மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. விவசாயிகளை மாவட்டம் மாவட்டமாக 'கிளஸ்டர்' கம்பெனிகளோடு கட்டிப்போட்டார்கள். அரசு என்ற ஒரே வாங்குபவர் போய், கம்பெனி என்ற ஒரே வாங்குபவர் வந்தார்.

இதைப் படிக்கும்போது எனக்கு நம் ஊர் வந்து வந்து போனது. ஆரல் கடல் அளவுக்கு இல்லாவிட்டாலும் நமக்கு நொய்யல் உண்டு, ஒரத்துப்பாளையம் உண்டு. பாசனத்துக்குக் கட்டிய அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, கீழே இருந்த விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006-ல் உயர் நீதிமன்றம் கழிவு வெளியேறவே கூடாது என்றது, 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடவே உத்தரவு வந்தது. அந்த அணையை மாசுபடுத்திய காலம் முழுக்க ஐரோப்பா நம்மிடம் வாங்கிக்கொண்டுதான் இருந்தது. மாற்றியது கரூர், திருப்பூர் விவசாயிகள் போட்ட வழக்கு.

சுமங்கலித் திட்டமும் அப்படித்தான். மூணு வருஷம் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று தென் மாவட்டப் பெண் பிள்ளைகளைக் கூட்டி வந்த கேம்ப் கூலி முறை. உஸ்பெக்கிஸ்தானில் அரசு செய்ததை இங்கே தனியார் செய்தார்கள், அரசு பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. அங்கே மறுக்கவே முடியாது, இங்கே வறுமை மறுக்க விடவில்லை. 2011-ல் நெதர்லாந்து அமைப்புகள் 'கேப்சர்ட் பை காட்டன்' என்ற அறிக்கையை வெளியிட்டபோதுதான் பையர்கள் பதறினார்கள். இங்கே பலர் அதை 'நம்ம தொழிலைக் கெடுக்க வெளிநாட்டுச் சதி' என்றார்கள். கரிமோவ் அரசும் புறக்கணிப்பைப் பற்றி ஏறக்குறைய இதையேதான் சொன்னது.

இதெல்லாம் இப்போது ஏன் என்றால், நம் கதவும் திறக்கப் போகிறது. 2007-ல் தொடங்கி, 2013-ல் நின்று, 2022-ல் மறுபடி எடுத்த இந்தியா–ஐரோப்பிய ஒன்றிய வர்த்தகப் பேச்சுவார்த்தை 2026 ஜனவரி 27 அன்று முடிந்ததாக டெல்லியில் அறிவித்தார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டு ஆர்டர்கள் நின்ற திருப்பூருக்கு இது மூச்சு விட்ட மாதிரி. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தால் ஜவுளிக்கு வரி போகும். பட்டியல் சொல்லிப் புலம்ப இடமிருக்காது. ஆனால் அதற்கு ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். 2011-ல் உஸ்பெக் காகிதத்தைப் பிடித்து வைத்த அதே நாடாளுமன்றம்.

அங்கே நம் மில் ஹாஸ்டல்களைப் பற்றிக் கேள்வி வருமா? உஸ்பெக் கதையை வைத்துப் பார்த்தால், அன்றைக்கு ஐரோப்பாவுக்கு இந்தியா எவ்வளவு தேவைப்படுகிறது என்பதைப் பொறுத்தது அது. இப்போது ரொம்பத் தேவைப்படுகிறது. எனவே ஒப்பந்தத்தில் பெரிய இடைஞ்சல் வராது என்றுதான் நினைக்கிறேன். இடைஞ்சல் வேறு வழியாக வரும். கட்டாய உழைப்பில் உருவான பொருளை ஒன்றியத்துக்குள் விற்கத் தடை செய்யும் சட்டத்தை 2024-ல் நிறைவேற்றியிருக்கிறார்கள், 2027 டிசம்பர் 14 முதல் அமல். அது நாட்டைப் பார்க்காது, வரிச் சலுகையைப் பார்க்காது, பொருளைப் பார்க்கும். எந்தப் பகுதியில், எந்தப் பொருளில் ஆபத்து அதிகம் என்று ஒரு தரவுத்தளமும் வரப்போகிறது. திருப்பூரில் காம்பிளையன்ஸ் ஃபைல் பெரும்பாலும் கட்டிங்கில் தொடங்கி பேக்கிங்கில் முடிகிறது. நூல் பில்லுக்குப் பின்னால் இருக்கும் மில்லும் ஹாஸ்டலும் அதில் வருவதில்லை. தீபாவளிக்கு எத்தனை பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள், எத்தனை பேர் மூணு வருஷம் முடிக்காமல் பாதியில் போனார்கள், அவர்களுக்குப் பணம் வந்ததா என்ற கணக்கை உஸ்பெக் வயல்களில் எண்ணிய மாதிரி வருஷா வருஷம் எண்ணி வைப்பது யார் என்று மில் சங்கங்களிடமும் ஏற்றுமதியாளர்களிடமும் இப்போதே கேட்கலாம். இன்னும் இரண்டு அறுவடைக் காலம்கூட இல்லை.